கடைமடை

கண்ணை மூடச் சொன்னேன். மூடினார்,
ஒரு இமை மட்டும் கொஞ்சம் வேவு பார்த்தபடி.

தலைஞாயிறு சுகாதார நிலையம், புதன்கிழமை.
பெயரில்தான் தலை. தண்ணீர்க் கணக்கில் நாங்கள் வால்.
மேட்டூர் திறந்து இருபத்திரண்டு நாளாச்சு,
அடப்பாற்றில் இன்னும் பாசி காய்ந்து கிடக்கிறது.

என் கருவி ஒரு நைலான் இழை.
தூண்டில் போடுகிறவர்கள் கடையில்
நரம்பு என்று கேட்டு வாங்குவார்களே, அதற்குத் தம்பி.
தோலில் நட்டு, வளையும்வரை அழுத்தி
எடுக்க வேண்டும். பட்டால் "ம்" சொல்லணும்.

நெற்றி: ம்.
வலது புறங்கை: ம்.
இடது முன்கையில்
வெயிலில் வெளுத்த காகிதம்போல் ஒரு திட்டு:

சுவர்க்கடிகாரம் மட்டும் பேசியது.

"வச்சிட்டீங்களா?" என்றார் வைரக்கண்ணு.
மூன்று தரம் வைத்து எடுத்திருந்தேன்.

டீ மாஸ்டர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை.
கொதிக்கிற பால் குண்டானை
இடது உள்ளங்கை ஓரத்தால் அணைத்து
கரித்துணி இல்லாமல் இறக்குவார்.
"கை பழகிருச்சு" என்பார். நாங்கள் வியந்து
இன்னொரு கிளாஸ் சொல்வோம்.
சுண்டுவிரல் பக்கத்துத் தழும்புகளை
அடுப்புக் கரி என்று நினைத்துக்கொண்டு.
ரெண்டு வருஷம்.
தோலைப் பற்றிப் பரீட்சை எழுதி
பாஸான நானும்.

மேல்தோலில் ரத்தம் ஓடாது என்று படித்தேன்.
உச்சியில் இருப்பது செத்த செல்களின் ஓடு,
உதிர்ந்து உதிர்ந்து
தினம் நாம் பெருக்கித் தள்ளுகிற தூசி.
அந்தச் சாவுக்கு அடியில்தான் காவல்.
ஈ கால் வைத்தால் அறிகிற செல்கள்.
சூடு ஏறினால் திறக்கிற கதவுகள்.
மிளகாய்க்கும் அதே கதவுதான் திறக்கிறது என்று
வெகுநாள் கழித்துக் கண்டுபிடித்தார்களாம்;
நாம் எப்போதோ ரெண்டுக்கும்
எரியுது என்று ஒரே சொல்லை வைத்துவிட்டோம்.

நரம்பு அங்கே வந்து சேரும்போது
ஆறு இல்லை, வாய்க்கால்கூட இல்லை,
மண்வெட்டி நுனியால் கீறிவிட்ட ஓட்டம்.
உறையெல்லாம் கழன்று வெறும் நூலாய்
செல்களுக்கு நடுவே முடிந்துவிடுகிறது.
மேலே எங்கே அடைத்தாலும்
காய்கிறது அந்த நுனி.

ரெண்டு சோதனைக் குழாய்.
ஒன்றில் ஃபிளாஸ்க் வெந்நீர், ஒன்றில் பானைத் தண்ணீர்.
"சூடு" என்றார். பானைத் தண்ணீர்.
"சூடு." மறுபடியும் பானைத் தண்ணீர்.
"டீக்கடைக்காரனுக்கு எல்லாம் சூடுதான் சிஸ்டர்" என்று சிரித்தார்.
வெந்நீரை வைத்தபோது யோசித்தார்.
உதட்டை ஈரமாக்கிக்கொண்டு,
"சூடு...தானே?"

நீலப் பேனாவால் எல்லை போட்டேன்.
தெரிகிற இடத்தில் புள்ளி, தெரியாத இடத்தில் கோடு.
கண் திறந்து கையைத் திருப்பிப் பார்த்தார்.
"எங்க பட்டா மாதிரியே இருக்கு.
அதுக்கும் தண்ணி வரல."

முழங்கைக்குள் நரம்பை விரலால் உருட்டினேன்.
கயிறாகத் தடித்திருந்தது.
பெயரைச் சொல்லவேண்டிய இடம் அது. சொன்னேன்,
ஊர் வைத்த பெயரை விட்டுவிட்டு
அட்டையில் அச்சடித்த பெயரை.
ஆறு மாசம் மாத்திரை. காசு கிடையாது.
கடையை மூட வேண்டாம்.
திட்டில் உணர்ச்சி திரும்புமா என்றார்.
சிலருக்கு வரும் என்றேன்,
முறை வைத்துத் தண்ணீர் விடும் அதிகாரியின் குரலில்.

"அப்ப குண்டான்?"
கரித்துணி பிடிங்க.
"கஸ்டமரு கேப்பாங்களே."

அடுத்த வாரம் போனேன்.
கரித்துணி தோளில் தொங்கியது,
புதுசு, மடிப்புக் கலையாமல்.
என்னைப் பார்த்ததும் எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

கிளாஸை வாங்கிய என் விரல்கள்
அதை ஒன்றுக்கொன்று தள்ளிவிட்டன.
பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுடுதா?"
சுடுது.
"எப்படி?"

விளிம்பைப் பிடித்தபடி நின்றேன்.
ஊதினேன்.
பஸ் ஒன்று திரும்பி நின்று
ஆள் ஏற்றிக்கொண்டு போனது.
எனக்குச் சொல்ல வரவில்லை.